ஜன்னலில் இருந்த பீற்றூட் போத்தல்

பிள்ளைகளே, வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே உங்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பரிசுப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன் ஒவ்வொரு போத்தலையும் ஏன் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும் என்பது முதல் சந்தேகம். வைன் தயாரித்து விற்கிற இடத்தில், நத்தார்க் கால, அதாவது கிறிஸ்மஸ் கால, இசை நிகழ்ச்சி நாட்களில் மட்டும், மேசைக்கு மேசை ஒரு கண்ணாடிக் கூஜாவில் பீற்றூட் சாறு ஏன் வைக்கிறோம் என்பது இரண்டாவது. மேற்பார்வையாளரிடம் கேட்டபோது, "அதை ஸ்ரெல்லா அக்காதான் சொல்ல வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிட்டாராம்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்தக் காரணம் நான்தான். ஓய்வு பெற்று வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், இனி எனக்கு என்ன பதவி உயர்வா வரப்போகிறது, மறைத்து வைக்க? சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சில் எழுதித் தரச் சொன்னார்கள். பிரெஞ்சில் நான் பதினெட்டு வருடம் வைன் விற்றிருக்கிறேன். ஆனால் என்னை நானே கேலி செய்வதற்கு எனக்குத் தமிழ்தான் சரிவரும். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். தொட்டி, குழாய், வடிகட்டி பற்றி இதில் ஒன்றும் இருக்காது. அதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், எனக்கும் அதில் பாதிதான் விளங்கும். நான் கடைப்பக்கத்து ஆள்.

இது இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. கைத்தொலைபேசி எல்லோரிடமும் வந்திருந்தது, கைப்பைக்குள் கிடந்து அடித்தால் எடுக்கத்தான் ஒருவரும் பழகியிருக்கவில்லை. மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் கட்டடத்தின் முன்பக்கம் அப்போதும் இப்போது போலவே முழுக்கக் கண்ணாடி. வெயில் நேராக வந்து விழும். அந்த ஜன்னலில் நல்ல வைனை வைத்தால் கெட்டுப்போகும் என்பதால் வெறும் போத்தல்களைத்தான் வைப்போம். எங்கள் மெல்லிய சிவப்பு வைன் நிறமில்லாத கண்ணாடிப் போத்தலில் வருவது உங்களுக்குத் தெரியும். வெறும் போத்தல் பார்க்க எவ்வளவு பரிதாபமாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பண்டிகைக்கு அலங்கரித்த ஜன்னலில் அது நாலு நாள் சாப்பிடாத ஆள் நிற்பதுபோல நின்றது.

நான் சும்மா இருப்பேனா? வீட்டில் பீற்றூட்டை அவித்து வடித்து, நிறம் நிற்பதற்குத் தேசிக்காய் பிழிந்து, மண் வாசனை போகக் கறுவாவும் கராம்பும் போட்டுக் கொண்டுவந்து மூன்று போத்தல்களில் நிரப்பினேன். தக்கை அடித்து, கழுத்துக்கு உறையும் போட்டு, லேபலும் ஒட்டினேன். வியாழன்தோறும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக அவித்து நிரப்புவேன். டிசம்பர் மாதத்து மொன்றியல் ஜன்னல் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லாதது, கிழமைக்குள் ஒன்றும் ஆகாது. உண்மைப் போத்தலையும் என் போத்தலையும் பக்கத்தில் வைத்தால் என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் என் மூன்று போத்தல்களின் அடியிலும் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். யாரும் இரண்டாம் முறை வாங்காத ஓர் இளஞ்சிவப்பு அது. என்னிடம் ஒரு முழுக் குப்பி மிச்சம் கிடந்தது.

எங்கள் முதலாளியை மதாம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சின்ன உருவம், கழுத்தில் எப்போதும் தொங்கும் மூக்குக்கண்ணாடி. எந்தப் போத்தலைக் கையில் எடுத்தாலும் அடியில் மண்டி தங்கியிருக்கிறதா என்று தலைகீழாகத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். மெதுவாக ஒரு கேள்வி கேட்பார். சத்தம் போடுகிற முதலாளியிடம் காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிடலாம். கேள்வி கேட்கிறவரிடம் பதில் அல்லவா சொல்ல வேண்டும்.

நத்தாருக்கு முந்தின ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு இசை நிகழ்ச்சி. அந்த வருடம் முதன்முறையாக எங்கள் ஆட்கள் மேடையேறுகிறார்கள். அருளப்பு மாஸ்டரின் வயலின், கூட ஒரு கிற்றார், பாட இரண்டு பேர். நான்தான் மதாமிடம் சொல்லி ஒழுங்கு செய்திருந்தேன். ஜன்னலோரம் மேடை போடுவதற்காகச் சனிக்கிழமை வந்தவர்கள், ஜன்னலில் இருந்த போத்தல்களை ஒரு மரப்பெட்டியில் அடுக்கி என் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனார்கள். தள்ளியதை நான் கண்டேன். கண்டும் மறந்தேன். காலையிலிருந்து பரிசுப் பெட்டி கட்டிக் கட்டி என் விரல்களுக்கே ரிப்பன் சுற்றியிருந்த நேரம் அது.

கடை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது தேவராசா அண்ணை வந்தார். செயின்ட்-மிஷேலில் இருக்கிறவர், ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. ஒரு காலத்தில் என் கணவரோடு ஒரே தொழிற்சாலையில் நின்றவர். சுத்த சைவம். அவரை எங்கள் கடை வாசலில் கண்டதும் வழி தவறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"பிள்ளை, நிருபாவுக்கு ஒரு இடம் சரிவந்திருக்கு," என்று மகளின் கலியாணப் பேச்சை எடுத்தார்.

"நல்லது அண்ணை. ஆர் ஆக்கள்?"

"இஞ்சத்தை ஆக்கள்தான், பிரெஞ்சுக்காரர். கர்க்லாண்டில இருக்கினம். பொடியன் நல்ல பொடியன். நாளைக்கு மத்தியானம் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கினம், முதன்முதல் போறம். தகப்பனுக்கு வைன் எண்டால் உயிராம். அதுதான் மெற்றோவும் ரெண்டு பஸ்ஸும் எடுத்து உம்மட்ட வந்தனான்."

என்ன மாதிரி வைன் வேண்டும் என்று கேட்டேன். அவர் கையை விரித்தார்.

"நான் ஒருநாளும் வாயில வைச்சு அறியன். எது நல்லது, எது கூடாதது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நீர் தாறதுதான் நல்லது. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். ருசி தெரிந்தவர் போத்தலைப் பார்த்து வாங்குவார். தெரியாதவர் உங்கள் முகத்தைப் பார்த்து வாங்குவார். இரண்டாமவர் வரும்போதுதான் நீங்கள் முழு விழிப்பாக இருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அலுமாரித் தட்டில் போத்தல் முடிந்துவிட்டதே என்று குனிந்து, மேசைக்குக் கீழே இருந்த மரப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து, இரட்டைப் பூ முடிச்சுப் போட்டு, ரிப்பன் வாலைக் கத்தரியால் இழுத்துச் சுருட்டி, அழகு பார்த்தேன்.

வாழ்த்து அட்டையும் எழுதினேன். உறையின் மேல் சம்பந்தி வீட்டு முழு விலாசத்தையும் எழுதச் சொன்னார். நேரில் கொடுக்கிற பெட்டிக்கு எதற்கு அண்ணை விலாசம் என்று கேட்டதற்கு, "வழியில துலைஞ்சால்?" என்றார். முதல் எழுதியது வடிவில்லை என்று இரண்டாம் முறையும் எழுத வைத்தார். அந்த விலாசம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு மணி. மேடைக்குப் பக்கத்தில் மிஞ்சிய இடத்தில் ஜன்னல் போத்தல்களைத் திரும்ப வைக்கலாம் என்று மரப்பெட்டியை இழுத்தேன். இரண்டுதான் இருந்தன. மேசைக்குக் கீழே தேடினேன், மேடைக்குக் கீழே தேடினேன், குப்பைக்கூடையையும் விடவில்லை. அதற்குப் பிறகுதான் முந்தின நாள் நான் குனிந்தது ஞாபகம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். எங்கள் ஆட்கள் பரிசை வாங்கினால் மெதுவாக உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். கொடுத்தவர் முன்னால் பிரித்தால் ஆசை பிடித்த பறக்காவெட்டி என்று நினைத்துவிடுவார்களே. இந்த ஊர்க்காரர் அப்படி இல்லை. கையில் வாங்கியதும் கொடுத்தவர் கண் முன்னாலேயே பிரித்து, ஆஹா என்று சொன்னால்தான் மரியாதை. ஆகவே பன்னிரண்டரைக்கு அந்த வீட்டில் பெட்டி திறபடும், தக்கை கழற்றப்படும், வைனுக்கு உயிரை விடுகிற மனிதர் ஒருவர் ஒரு வாய் பீற்றூட் தண்ணீர் குடிப்பார். பெண்ணைப் பெற்றவர்கள் தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார். என் முகத்தைப் பார்த்து வாங்கிய மனிதர் அங்கே தலையைக் குனிந்துகொண்டு இருப்பார்.

மதாம் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றார். அப்போதே போய், மதாம், இப்படி ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் என் வாய் தன்பாட்டில், "ரிப்பன் முடிந்துவிட்டது மதாம், வாங்கிக்கொண்டு வருகிறேன்," என்றது. எனக்குப் பின்னால் இருந்த தட்டில் ரிப்பன் சுருள்கள் கூரை தொட அடுக்கியிருந்தன. அவர் அந்தத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, மூன்று மணிக்குள் வந்துவிடு," என்றார்.

இருப்பதில் மிக நல்ல போத்தல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினேன். அண்ணை வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. நிருபாவின் கைத்தொலைபேசி கைப்பைக்குள் கிடந்திருக்கும். பனி தூவிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் எனக்கு முன்னால் உப்புத் தூவுகிற லொறி ஒன்று ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஊர்ந்தபடியே மன்னிப்புக் கேட்பதை மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். மூன்றிலும் அழுகை வந்தது.

கதவைத் திறந்தவர் சம்பந்தி. நெடிய மனிதர், கழுத்தில் துணி செருகியிருந்தார். நான் வணக்கமும் சொல்லவில்லை. "குடிக்காதீர்கள், அது பீற்றூட்," என்றேன். பிறகு வாசலிலேயே நின்று முழுவதையும் பிரெஞ்சில் ஒப்புக்கொண்டேன். உள்ளே சாப்பாட்டு மேசையில் தேவராசா அண்ணை தெரிந்தார், அவருக்காகத் தமிழில் இன்னொரு முறை சொன்னேன்.

"மன்னிக்க வேண்டும், எந்தப் போத்தல்?" என்று சம்பந்தி மரியாதையாகக் கேட்டார். "எங்களுக்குப் போத்தல் ஒன்றும் வரவில்லையே."

மேசையின் நடுவில் ஒரு தட்டில் பழம், ஒரு தட்டில் பயற்றம் பணியாரம். பெட்டியைக் காணவில்லை. பெட்டியை மனைவி உள்ளே கொடுத்துவிட்டார் என்று நினைத்திருந்த தேவராசா அண்ணை மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். பரமேஸ்வரி அக்கா கூரையில் தொங்கிய விளக்கைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பாக்கிறியள்? முதன்முதல் சம்பந்தி வீட்டை போகேக்க ஆரும் சாராயப் போத்தலோட போவினமே? நான் பேசாமல் எடுத்திட்டன்."

"எடுத்து எங்க வைச்சனீர்?"

"நான் ஏன் வைக்கிறன்? மேல்வீட்டு மாஸ்டர் வேதக்காரர்தானே. அட்டையைக் கழட்டிப்போட்டு நத்தாருக்கெண்டு அவருக்குக் குடுத்திட்டன்."

நடக்காத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். நிருபா இதையெல்லாம் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, சம்பந்தியின் முகம் மாறியது.

எனக்குப் பிறகுதான் தெரியும், நான் கதவைத் தட்டும்வரை அந்த மேசை மரண வீடு மாதிரி இருந்திருக்கிறது. மனிதர் தன் நிலவறையிலிருந்து ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று போத்தல்களைக் கொண்டுவந்து ஊற்றப் போக, தேவராசா அண்ணை மூன்று முறையும் கிளாஸைக் கையால் மூடி, "நோன், மெர்சி," வேண்டாம் நன்றி, என்றிருக்கிறார். இந்தக் கலியாணத்தில் அவருக்கு விருப்பமில்லை, அதுதான் கையை எடுக்கிறார் இல்லை என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பொடியனின் தாய் குசினிக்குள் போய்ப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இவர் வைனே குடிப்பதில்லையா?" என்று சம்பந்தி நிருபாவிடம் கேட்டார். "குடிக்காதவர் எனக்காக ஊரைச் சுற்றிப் போய் ஒரு போத்தல் வாங்கினாரா?"

நிருபா ஆமென்று தலையாட்டினாள். அவர் நேரே போய்த் தேவராசா அண்ணையின் தோளில் கை வைத்தார். நான் கொண்டுபோன போத்தலை மேசையில் வைத்தேன், எனக்கும் ஒரு கதிரை போட்டார்கள். சூப்பும் குடித்தேன், பணியாரமும் சாப்பிட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"மாஸ்டர் அதைப் பிரிக்கமாட்டார், பயப்பட ஒன்றுமில்லை," என்று நான் வல்லுநர் மாதிரி விளக்கினேன். "எங்கள் வீடுகளில் பரிசுப் பெட்டி வருடக்கணக்காக அலுமாரியில் இருக்கும். நாளைக்குப் போய் மெதுவாக மாற்றிவிடுகிறேன்."

"அவர் வீட்டில இல்லை," என்றார் பரமேஸ்வரி அக்கா. "இண்டைக்கு லாசாலில ஏதோ கச்சேரியாம். வெளிக்கிட்டுப் போகேக்க கண்டனாங்கள்."

"என்னத்தோட போனவர் அக்கா?"

"வயலினோட. மற்றக் கையில ஒரு பெட்டியும் வைச்சிருந்தவர்."

என் கரண்டி அப்படியே நின்றது. மேல்வீட்டு மாஸ்டர் எங்கள் மேடைக்கு வருகிற அதே அருளப்பு மாஸ்டர்தான். முதன்முதலாக ஒரு மேடைக்கு அழைத்திருக்கிறார்கள், வெறுங்கையோடு போவதா? மாஸ்டர் அப்படிப்பட்டவர் இல்லை. வைன் தயாரிக்கிற இடத்துக்கே வைன் போத்தல் கொண்டுபோகிற ஆள் உலகத்தில் இருப்பாரா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஆளாக இருந்தால் நிச்சயம் இருப்பார்.

இரண்டு கார்கள் வெளிக்கிட்டன. சம்பந்தி வீட்டார் முழுப்பேரும் வந்தார்கள். இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை விடமாட்டேன் என்று சம்பந்தி கழுத்தில் செருகிய துணியோடேயே கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். நாங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது முதல் பாட்டு முடிந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது. மாஸ்டர் மதாமை மேடைக்கு அழைத்து, நல்ல பிரெஞ்சில் நன்றி சொல்லி, ஒரு பெட்டியை நீட்டினார். வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. இரட்டைப் பூ முடிச்சு, சுருட்டிய வால். என் கைவேலை.

மதாம் இந்த ஊர்க்காரர். அந்த இடத்திலேயே ரிப்பனை இழுத்தார். மாஸ்டர் திருதிருவென்று முழித்தார், பரிசைத் தன் முன்னாலேயே பிரிப்பார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. மதாம் போத்தலை வெளியே எடுத்தார். எங்கள் லேபலைக் கண்டு சிரித்தார். வழக்கம்போலத் தலைகீழாகத் திருப்பினார்.

"மதாம், குடிச்சுப்போடாதேங்கோ," என்று நான் கத்தினேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

மதாம் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். இளஞ்சிவப்புப் பொட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஒலிவாங்கியில், மிக மெதுவாக, "ஸ்ரெல்லா, ரிப்பன் கிடைத்ததா?" என்று கேட்டார்.

தப்ப வழி இல்லை. மேடையில் ஏறிப் பீற்றூட்டிலிருந்து ரிப்பன் பொய் வரைக்கும் எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் சொன்னேன். சொல்லும்போதே ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். கீழே நின்ற பரமேஸ்வரி அக்கா, "மாஸ்டர், அது நான் உங்களுக்குக் குடுத்ததெல்லே," என்றார். மாஸ்டர் வயலினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஓம் தங்கச்சி. உங்களுக்கு அதை ஆர் தந்தது?" என்றார். தமிழ் தெரிந்த பாதி மண்டபம் சிரித்தது. தெரியாத பாதி, சிரிப்பவர்களைப் பார்த்துச் சிரித்தது.

மறுநாள் மதாம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். "பீற்றூட்டை மன்னித்துவிட்டேன். ரிப்பனை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்," என்றார். பெட்டிக்குள் போகுமுன் போத்தலின் அடியைப் பார்ப்பதும், நிகழ்ச்சி நாட்களில் மேசைக்கு மேசை பீற்றூட் வைப்பதும் அன்றைக்குத்தான் சட்டமாயின. போத்தலை மாற்றி வைப்பது யாருக்கும் நடக்கும், பிள்ளைகளே. அந்த அரை நிமிடத்தில் போய்ச் சொல்லிவிடுங்கள். நான் உங்களுக்குச் சொல்ல விரும்பியது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் என் வாய்க்கொழுப்பு.

அன்றைக்கு மேடையில் அவர் அதையெல்லாம் சொல்லவில்லை. தக்கையைக் கழற்றி ஒரு மிடறு குடித்தார். என்ன போட்டாய் என்று கேட்டார். கறுவா, கராம்பு, தேசிக்காய் என்றேன். "சீனி காணாது," என்றார். பிறகு, இது உண்மையில் யாருடைய பெட்டி என்று கேட்டுவிட்டு, போத்தலோடும் இரண்டு கிளாஸோடும் மேடையிலிருந்து இறங்கித் தேவராசா அண்ணையும் சம்பந்தியும் இருந்த மேசைக்கு வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

தேவராசா அண்ணையின் கை பழக்கத்தில் கிளாஸை மூடியது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, இதில ஒண்டும் இல்லைத்தானே?"

"வெறும் பீற்றூட் அண்ணை. என்ர கையால அவிச்சது."

சம்பந்தி தன் கிளாஸை முன்னால் நீட்டி, நாலாவது முறையாக, ஆமா என்பதுபோல "வி?" என்று கேட்டார்.

தேவராசா அண்ணை கிளாஸிலிருந்து கையை எடுத்தார். "வி," என்றார்.

இரண்டு கிளாஸும் முட்டிய சத்தத்தில் பொடியனின் தாய் கைதட்டத் தொடங்க, மாஸ்டர் யாரும் சொல்லாமலே வயலினைத் தோளில் வைத்தார். தேவராசா அண்ணை ஒரே மூச்சில் குடித்து முடித்து, சிவந்துபோன மீசையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் நேற்றே சொன்னனான்," என்றார். "நீர் தாறதுதான் நல்லது."